அது எந்த ஊரு 10?

கேள்வி: ஐயா, டர்பன் டவுன்ல ஒரு பழைய துணிக் கடையில 120 ரேண்டுக்கு ஒரு ஸ்கர்ட் எடுத்தேன். டேக்ல 10ன்னு இருந்துச்சு, நான் எப்பவும் 34, ரெண்டும் ஒண்ணுதான்னு நாத்தனார் சொன்னாங்க. வீட்டுல போட்டா தொளதொளன்னு நிக்குது, ஜிப்பும் பாதியில மாட்டிக்கிட்டு ஏறவே மாட்டேங்குது. திருப்பிக் கொண்டுபோனா "மாத்தித் தர மாட்டோம்"னு போர்டைக் காட்டுறாங்க. இனிமே பழைய துணிக் கடைப் பக்கமே போகக்கூடாதா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தாராளமா போங்கம்மா, ஆனா நாத்தனாரை விட்டுட்டு டேப்பை எடுத்துட்டுப் போங்க. அந்த 10 எந்த ஊரு 10ன்னு பாத்தீங்களா? இங்கிலாந்து 10தான் நம்ம தென்னாப்பிரிக்கா 34. அமெரிக்கா 10ன்னா நம்மூரு 38, தொளதொளன்னு நிக்காம என்ன பண்ணும்? பழைய துணிக் குவியல்ல எல்லா நாட்டுச் சரக்கும் கலந்து கெடக்கும், அதுவும் யாரோ துவைச்சுத் துவைச்சு சுருங்குனதோ தொங்குனதோ தெரியாது, டேக்ல இருக்குறது புதுசா இருந்தப்ப போட்ட நம்பரு. உங்களுக்கு அளவா இருக்குற ஒரு ஸ்கர்ட்டை தரையில விரிச்சு இடுப்பு, நீளம் ரெண்டையும் அளந்து போன்ல ஏத்தி வச்சுக்குங்க, கடையிலயும் அதே மாதிரி விரிச்சு அளங்க, போட்டுப் பாக்க ரூம் இல்லையேன்னு கவலையே இல்ல. சைஸ் விஷயத்துல தப்பு உங்க பேர்லதான், கோவிச்சுக்காதீங்க.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? ஒரு ஜூலை குளிர்ல 90 ரேண்டுக்கு ஒரு கறுப்பு கோட்டு வாங்கி நம்ம டர்பன் பீனிக்ஸ்ல ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போனேன், சாப்பாட்டுப் பந்தியில ஒரு ஆன்ட்டி காதுகிட்ட வந்து, "தம்பி, பட்டன் இடதுபக்கம் இருக்கே, இது பொம்பளைங்க கோட்டு"ங்கறாங்க. சாம்பார் இறங்கல.

பட்டுப் புடவைன்னா சைஸ் தொல்லை கிடையாது, ஆனா மடிப்பைப் பாருங்க. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல பீரோவுல கெடந்ததை வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா மடிப்பு நெடுக சீப்புப் பல்லு மாதிரி கீறல் தெரியும், ஒருதடவை கட்டிட்டு உக்காந்தாலே பிரிஞ்சுடும். பஞ்சாபி டிரஸ்ஸா (சல்வார் கமீஸ்) இருந்தா உள்பக்கம் திருப்பி, பக்கத் தையல்ல எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு பாருங்க, பிரிச்சுப் பெருசாக்க அதுதான் வழி. அக்குளையும் பாத்துடுங்க, அங்க சாயம் போயிருந்தா எந்த டெய்லரும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா ஜிப் கதை வேற, அதுல விட்டுக்கொடுக்காதீங்க. 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பழுதான சாமானை 6 மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாத்தா, பணமான்னு சொல்ல வேண்டியது நீங்க, கடைக்காரர் இல்ல. துணி வியாபாரமே பண்ற கடையில வாங்கின பழசுக்கும் இது செல்லும், தர்மத்துக்கு நடத்துற கடையா இருந்தாலும் செல்லும். "ஃபூட்ஸ்டூட்ஸ்"னு, அதாவது இருக்குறபடியே எடுத்துக்கோ, பழுதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு, பொதுவா ஒரு போர்டை மாட்டிட்டா மட்டும் தப்பிக்க முடியாது. "இந்த ஸ்கர்ட்டோட ஜிப் வேலை செய்யாது"ன்னு உங்ககிட்ட தெளிவா சொல்லி, நீங்களும் சரின்னு வாங்கியிருந்தாதான் உங்க பேச்சு எடுபடாது. நீங்கதான் இழுத்து உடைச்சீங்கன்னு சொல்லுவாங்க, அப்ப அங்கேயே அந்த ஸ்கர்ட்டைப் போட்டுக் காட்டுங்க, இவ்வளவு தொளதொளப்புல எந்த ஜிப்பை யாரு இழுத்து உடைக்கறது?

ஆமா, பில்லு வாங்குனீங்களா? அதைப் பத்தி மூச்சே விடலியே.