படம் பார்த்த இரவில் வரும் வேகம் இரண்டு வாரத்தில் ஏன் வற்றுகிறது?

கேள்வி: எடிட்டிங் உதவியாளராக வேலை பார்க்கிறேன். சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக இருக்கிறது. திரைப்பட விழாவில் நல்ல படம் பார்த்துவிட்டு வந்தால் அன்று இரவே உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வாரம் போனதும் அந்த வேகம் காணாமல் போய்விடுகிறது. பாதியில் நிற்கும் கதைகள் நோட்டு முழுக்க இருக்கின்றன. காசும் பேரும் நிச்சயமில்லாத இந்த வேலையில் சுயாதீன இயக்குநர்களைப் பிடித்து வைத்திருப்பது எது? அது என்னிடம் இல்லையா? வேலையை விட்டால்தான் முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வேலையை விடாதீர்கள். சத்யஜித் ராய் விளம்பர நிறுவன வேலையில் இருந்துகொண்டேதான் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) எடுத்தார். கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை (1998) சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. சம்பளம் நின்றுபோன மூன்றாவது மாதத்தில் யாருக்கும் கதை ஓடாது.

இப்போது அந்த இரண்டு வாரம். படம் பார்த்த இரவில் உங்களை எழுத வைப்பது பெரும்பாலும் அந்தப் படத்தின் வேகம். நோட்டைப் புரட்டினால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அசையாத நீண்ட ஷாட்கள் உள்ள படம் பார்த்த வாரத்தில் உங்கள் கதையும் அசையாமல் நிற்கிறதா? கைக்கேமரா படம் பார்த்த வாரத்தில் அதுவும் குலுங்குகிறதா? அப்படியென்றால் அது இரவல்.

ராயும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தானே கிளம்பினார் என்பீர்கள். 1950இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தது அவருக்குப் பெரிய உந்துதல்தான். ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே, 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்கு அவர் ஓவியம் வரைந்திருந்தார். அந்தக் குழந்தைகளும் அந்த வீடும் கோடுகளாக அவர் கைக்கு வந்தாயிற்று. அந்தப் படம் அவருக்குக் காட்டியது வழியை: நிஜ இடத்தில், நட்சத்திரம் இல்லாமல் எடுக்கலாம் என்பதை. எடுக்க வேண்டிய விஷயம் ஏற்கெனவே கையில் இருந்தது. உங்களுக்கு வழி நிறையத் தெரியும், எடிட் டேபிளில் தினமும் பார்க்கிறீர்கள். விஷயம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

சுயாதீன இயக்குநர்களைப் பிடித்து வைப்பது என்ன என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். 'நான் எடுக்காவிட்டால் இதை யாரும் எடுக்க மாட்டார்கள்' என்று தோன்றும் ஒரு விஷயம். அதைக் கடைசி கட் வரை, அதாவது படத்தின் இறுதி வடிவம் வரை, தானே முடிவு செய்யலாம் என்ற உரிமை. பணத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். முதல் படம் போட்டதை எடுத்தால் அதிர்ஷ்டம்.

விஷயம் எப்படிக் கிடைக்கும்? அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' (2015) எடுப்பதற்கு முன், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தெருச் சந்திப்பு மட்டும்தான் மனதில் இருந்தது. கதை எழுதும் முன்பே இணை எழுத்தாளரோடு அந்தப் பகுதிக்குப் போய் அங்கிருந்தவர்களிடம் பேசினார். அப்படி அறிமுகமானவர்கள் சொன்ன சம்பவங்களிலிருந்து கதை வந்தது, அவர்களே முக்கியப் பாத்திரங்களில் நடித்தார்கள். ஐபோனில் எடுத்த படம் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 'தனிமை', 'நகரம்' போன்ற தலைப்புகளை அடித்துவிட்டு, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் எழுதுங்கள். 'ஓய்வுக்குப் பிந்தைய வெறுமை' என்பதை யாராலும் படம்பிடிக்க முடியாது. ஓய்வு பெற்ற மறுநாள், வழக்கமான நேரத்துக்கே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, சாவியைக் கையில் எடுத்த பிறகு வாசலில் நின்றுவிடுகிற ஆளைப் படம்பிடிக்கலாம். சாவி எந்தக் கையில், அதை எங்கே திரும்ப வைக்கிறார், அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று அடுத்தடுத்துக் கேள்வி வந்தால் விஷயம் உயிரோடு இருக்கிறது. எழுதியதை மூடிவைத்து, பத்து நாள் கழித்து நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். மூன்று பிம்பமாவது தெளிவாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள்.

அந்தப் பத்து நாளும் சும்மா இருக்க வேண்டாம். கதை நடக்கும் மாதிரியான இடத்துக்கு, கதை நடக்கும் நேரத்திலேயே மூன்று தடவை போய் அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் முறை ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பார்ப்போம். மூன்றாவது முறைதான் காத்திருப்பவர்கள் கையை என்ன செய்கிறார்கள், வெளிச்சம் எத்தனை மணிக்குச் சுவரை விட்டு இறங்குகிறது என்பதெல்லாம் தெரியும்.

பிறகு ஐந்து பக்க ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: இரண்டு பேர், ஒரே இடம். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பதால் ஐந்து நிமிடப் படம். முழு ஸ்கிரிப்ட் முடியும்வரை காத்திருக்காமல், எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதில் ஒரு நிமிடத்தை வசனம் இல்லாமல் ஃபோனில் எடுத்து வெட்டிப் பாருங்கள். உங்கள் வேகம் வற்றுகிற இரண்டாவது வாரத்தில் கையில் ஃபுட்டேஜ் இருக்க வேண்டும். காகிதத்தில் செத்துப்போன கதை எடிட்டிங் டைம்லைனில் எழுந்து உட்காருவதுண்டு. நீங்கள் எடிட்டர் வேறு.

ஃபோனில் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) நிலையான 25இல் பூட்டுங்கள், ஷட்டர் வேகம் 1/50 நொடி, எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) ஃபோகஸும் லாக். ஃபிரேம் ரேட் மாறிக்கொண்டே இருந்தால் தனியாக எடுத்த ஒலி போகப் போகப் படத்தோடு பொருந்தாமல் சின்க் விலகும், இந்தத் தொல்லையை ஆபீஸில் பார்த்திருப்பீர்கள்.

முதல் படங்கள் பிம்பத்தால் தோற்பதைவிட ஒலியால் தோற்பதே அதிகம். 'டேஞ்சரின்' ஃபோனில் எடுக்கப்பட்டதுதான், ஆனால் ஒலி தனிக் கருவியில் முறையாகப் பதிவானது. பூம் மைக் (நீண்ட கம்பில் மாட்டிப் பிடிக்கும் மைக்) நடிகரின் வாயிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜையும் ஃபேனையும் அணையுங்கள். (காரின் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், வீட்டுக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திரும்ப ஆன் செய்ய மறக்க மாட்டீர்கள்.) ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி ஒரு நிமிடம் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலி) எடுங்கள். அது இல்லாவிட்டால் வசனத்துக்கு நடுவே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒலியில் குழி விழும்.

நோலனுக்கு ஃபிலிம் சுருள்தான் பெரிய செலவு. அதனால் ஸ்பாட்டுக்குப் போகும் முன்பே பலமுறை ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்கில் முடித்தார். உங்களுக்கு மெமரி கார்டு இருப்பதால் இருபது டேக் போகத் தோன்றும். சம்பளமில்லாமல் வந்த நண்பர்கள் எட்டாவது டேக்கிலேயே வீட்டு ஞாபகத்துக்குப் போய்விடுவார்கள். நாளுக்குப் பன்னிரண்டு ஷாட் என்று திட்டமிடுங்கள், ஒத்திகையை முந்தைய வாரமே முடியுங்கள்.

ஒரே காட்சியை இரண்டு நாளாகப் பிரிக்காதீர்கள். ராய் நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் படம் பிடித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பியபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்திருந்தன. அடுத்த பூப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உங்கள் நடிகர் முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றாலும் அதே கதைதான்.

ரஃப் கட்டை, அதாவது முதலில் கோத்த கச்சா வடிவத்தை, பார்த்ததும் மனம் உடையும். ஒலி சேராத, நீளம் குறையாத கட் எல்லாமே அப்படித்தான் இருக்கும், அடுத்தவர் படத்தில் இதைத் தினமும் பார்க்கிறீர்கள். சொந்தப் படத்தில் மட்டும் மறந்துபோகும். ஒரு வாரம் அதைத் திறக்காதீர்கள். பிறகு கதை தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் விலகியது, அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் முதல் நிமிடத்தைத் திரும்ப வெட்டுங்கள்.