மாலா என்று வைத்தால் என்ன?

கேள்வி: சுவிஸில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. காலமான என் தங்கையின் நினைவாக மாலா என்று வைக்கச் சொன்னேன். ஸ்பானிஷ் மொழியில் அதற்குக் ‘கெட்டவள்’ என்று அர்த்தமாம், பள்ளிக்கூடத்தில் நக்கலடிப்பார்களாம். குடும்பப் பெயராகவும் மருமகனின் தகப்பனார் பெயர்தான் போகிறதாம். எங்கள் பக்கத்துக்கு ஒன்றுமே மிஞ்சாதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அக்கா, மகள் சொன்னது பொய்யில்லை. ஸ்பானிஷில் ‘மாலா’ கெட்டவள்தான். லதா என்று வைத்தாலும் தப்ப முடியாது. அது அவர்களுக்குத் தகரப்பேணி! ஆனால் சுவிஸில் சேர்பியர்களும் குரோவேசியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘மாலா’ என்றால் சின்னவள், பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை சிரிக்கும், இன்னொன்று கொஞ்சும். இதையும் மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அதற்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பெற்றவளுக்குப் பயம் இருக்கும்போது பெயர் வைத்தால் அவளே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்குவாள். நம்மிடம் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறதே: பதிவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எங்கள் ஒழுங்கையில் பேபி அக்கா என்று ஒருவர் இருந்தார். மரண அறிவித்தல் வந்த அன்றுதான் அவருடைய உண்மைப் பெயரே எங்களுக்குத் தெரியும். ‘பேபி’ அடைப்புக்குறிக்குள் இருந்தது. அப்படி வீட்டுப் பெயராக மாலாவை வைத்துக்கொள்ளலாம். பதிவிலேயே வேண்டும் என்றால் வனமாலா, மணிமாலா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பானிஷ் காதில் அது அவ்வளவாக உறுத்தாது.

குடும்பப் பெயர் விஷயத்தில் மருமகனோடு கோபிக்க ஒன்றுமில்லை. நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், கலியாணம் முடிந்த பெண்ணுக்கு அந்த இடத்தில் புருஷன் பெயர் வரும். அந்த நாட்டுப் படிவத்திலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதில் தகப்பன் பெயரைப் போட்டிருப்பார், அது இப்போது பேத்தி வரைக்கும் வருகிறது. ஐஸ்லாந்துக்காரர் இன்னும் நம்மைப் போலத்தான். 1980இல் அங்கே ஜனாதிபதியாகத் தெரிவான பெண்மணி விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர். பின்பாதிக்கு ‘ஃபின்போகியின் மகள்’ என்றுதான் பொருள். டெலிபோன் புத்தகத்தையே முதற்பெயர் வரிசையில்தான் அடித்தார்கள். சுவிஸில் பொதுவாக அந்த வசதி கிடையாது. வேற்றுப் பெயர் நமக்குப் புதிதும் அல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பல பிள்ளைகளுக்கு, படிப்புக்குக் காசு தந்த அமெரிக்கர்களின் பெயர்களையே வைத்தார்கள்.

உங்கள் பக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டீர்கள். கோபிக்காதீர்கள், நம் இனிஷலில் தாய்வழிக்கு எப்போது இடம் இருந்தது? உங்கள் அம்மாவின் பெயர் உங்கள் பெயருக்கு முன்னால் நின்றதா?

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தகப்பனின் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் வரவேண்டும். கணபதிப்பிள்ளை என்ற ஒரு பெயரையே நம்மவர்கள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ஓர் எழுத்து மாறினாலும் பிறகு திருத்த அலைய வேண்டிவரும்.

பிள்ளை பிறந்ததும் வட்ஸ்அப்பில் காட்டுவார்கள்தானே. அப்போது “மாலாக்குஞ்சு” என்று ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள், மகள் மறுக்கிறாளா என்று பார்ப்போம்.