கால்வாய் நாற்றமும் வாவிப் பச்சையும்: பற்றீரியா பற்றிச் சில கேள்விகள்

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, மழையில்லாத நாட்களில் எங்கள் கால்வாய் அழுகின முட்டை மாதிரி நாறுது. பற்றீரியா அழுக்கைத் தின்று துப்புரவாக்கும் என்றுதானே படித்தோம்?

பதில்: தின்னத்தான் செய்யுது தம்பி. ஆனால் தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனையும் எடுத்துக்கொள்ளும். மலசலகூடக் கழிவும் குசினிக் கழிவும் அளவுக்கு மிஞ்சினால் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அப்புறம் அது இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள் தலையெடுக்கும். அவற்றில் ஒரு கூட்டம் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்று என்ற கந்தக உப்பைப் பயன்படுத்தி ஐதரசன் சல்பைட்டை விடும். உங்கள் மூக்கில் ஏறுவது அதுதான். அதே வாயு இரும்போடு சேர்வதால்தான் அடிச்சேறும் கறுத்துக் கிடக்கிறது.

கொம்பனித்தெருவிலிருந்து: கொழும்புப் பேரே வாவி ஏன் இப்படிப் பச்சையாக இருக்கு? பாசியா?

பதில்: பாசி என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அதில் பெரும்பங்கு சயனோபற்றீரியா, முக்கியமாக மைக்குரோசிஸ்ரிஸ். சூரிய ஒளியில் தானே உணவு தயாரிக்கும். கழிவோடு வரும் பொசுபரசும் நைதரசனும் அதற்கு உரம். உடலுக்குள் சின்னச் சின்ன வாயுப் பைகள் இருப்பதால் மேலே மிதந்து படலமாகப் படரும். பகலில் ஒட்சிசன் தரும், இரவில் அதுவும் சுவாசிக்கும். அதனால் இப்படியான நீரில் விடிகாலையில்தான் மீன்கள் செத்து மிதப்பது அதிகம். இதன் சில வகைகள் மைக்குரோசிஸ்ரின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது. பிள்ளைகளை அந்த நீரில் கை வைக்க விடாதீர்கள், தயவுசெய்து. படலத்தை அள்ளுவது சில நாள் ஆறுதல்தான், கழிவு வரும் குழாயை அடைக்க வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து: 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்ரிக் மணிகளைப் பற்றீரியா தின்றுவிடாதா?

பதில்: அதை நம்பி இருக்க வேண்டாம். 2016இல் யப்பானில் அறிவித்த பற்றீரியா சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக்கைத்தான் உடைக்கும். கப்பலிலிருந்து வந்தவை பெரும்பாலும் பொலித்தீன் வகை. அதன் காபன் சங்கிலியை வெட்டுவது மிகக் கடினம். பற்றீரியா மணிமேல் படலமாக ஒட்டி வாழும், அவ்வளவே. எண்ணெய் வேறு கதை: அல்கனிவோரக்ஸ் போன்ற கடற் பற்றீரியாக்களுக்கு அது சாப்பாடு. ஆனாலும் தாரைப் போன்ற கனமான பகுதி நெடுநாள் கிடக்கும்.

தெகிவளையிலிருந்து: மலக்குழி நாறினால் குளோரின் ஊற்றலாமா அக்கா?

பதில்: ஊற்ற வேண்டாம். உள்ளே கழிவைச் சிதைக்கும் பற்றீரியாதான் முதலில் சாகும். குழி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், நிரம்பியிருந்தால் பவுசரைக் கூப்பிட்டு அள்ளுங்கள்.