ஃப்ளூ காய்ச்சல் விட்டது, பையன் ஏன் நடக்க மாட்டேன் என்கிறான்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயப்படும் ஜி.பி.எஸ். (நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கும் கில்லன்-பாரே நோய்) இது இல்லை. நான்கு நாள் ஃப்ளூ காய்ச்சல் விட்ட மறுநாள் விடியலில், ஏழு வயதுப் பையன் இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக்கொண்டு அழுகிறான், நுனிக்காலால் நடக்கிறான் என்றால், அது பெரும்பாலும் தசை அழற்சி. இன்ஃப்ளூயன்சா வைரஸ், அதிலும் ‘பி’ வகை, பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டும் வேலை. ஜி.பி.எஸ். என்றால் கால் துவளும், முழங்காலில் சுத்தியால் தட்டினாலும் உதறாது. காய்ச்சல் வந்து ஓரிரு வாரம் கழித்தே பெரும்பாலும் தொடங்கும். உங்கள் டாக்டர் தட்டியபோது கால் நன்றாக உதறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூப்?

ரத்தப் பரிசோதனையில் வந்த சி.பி.கே. 2,800 என்பது அடிபட்ட தசையிலிருந்து கசிந்த நொதியின் அளவு. இந்த நோயில் ஆயிரக்கணக்கில் ஏறுவது சகஜம். நீங்கள் எழுதிய இருமல், பசியின்மை இரண்டையும் விடுங்கள். ஒரு வாரத்துக்குள் ஓடுவான்.

நீங்கள் எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன்: சிறுநீர் என்ன நிறம்? தசை அதிகம் சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அரிதுதான், ஆனால் நுரையீரலுக்கு வந்த வைரஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழி இது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். டிகாஷன் நிறத்தில் இருந்தாலோ, எட்டு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ உடனே மருத்துவமனை; விடியட்டும் என்று இருக்காதீர்கள். சீக்கிரம் சலைன் ஏற்றினால் சிறுநீரகம் பிழைக்கும். சிறுநீர் ஸ்ட்ரிப் சோதனையில் ரத்தம் என்று வந்து, மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் அது பெரும்பாலும் மயோகுளோபின்தான். வலி போன பிறகும் எழுந்து நிற்க முடியாமல் துவண்டாலும் அன்றே காட்டுங்கள்.

மருந்துக் கடைக்காரர் கொடுத்த மெஃபனமிக் ஆசிட் சிரப்பை நிறுத்துங்கள். சரியாகத் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது: ஃப்ளூவோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய் வரலாம். பாராசிட்டமால் போதும். 20 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 300 மி.கி.; 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 120 மி.கி. உள்ளது என்றால் 12.5 மில்லி. லேபிளைப் படித்து ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். தைலம் போட்டு உருவவும் வேண்டாம்.

சி.பி.கே.யை ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு முறை பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை, அல்லது அடுத்த காய்ச்சலிலும் இதே வலி என்றால், பிறவியிலேயே வந்த தசை நோய் உண்டா என்று தேட வேண்டும்.