ஒயின் குடிக்காதவர்களுக்கு செயின்ட் எமிலியோனில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, தாராளமாகப் போகலாம். பிரான்சில் போர்தோவுக்குக் கிழக்கே உள்ள இந்தச் சின்ன ஊரில் தவறவிடவே கூடாதது, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன் உருவாக்கிய தேவாலயம். 8-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு குகையில் தனித்து வாழ்ந்த எமிலியோன் என்ற துறவியின் பெயர்தான் ஊருக்கும். தேவாலயத்துக்குள்ளே வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் மணிக்கூண்டில் ஏறினால் ஊரைச் சுற்றி மெர்லோ திராட்சைத் தோட்டங்கள்தான். 1999-இல் யுனெஸ்கோ இந்தத் தோட்டங்களையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது, அது ரொம்பச் சரியான முடிவு. பாதாமில் செய்யும் மக்கரோனையும் சாப்பிட்டுப் பாருங்கள், கன்னியாஸ்திரீகள் தொடங்கிவைத்த பலகாரம். சந்துகள் செங்குத்தானவை, வழுக்காத செருப்பு அவசியம்.