மார்கோ இனாரோஸ் சொல்வது நியாயம்தானே? அவனை ஏன் வில்லன் என்கிறார்கள்?

'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரின் ஐந்தாவது சீசனின் நடுவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் எனக்கும் இதே கேள்வி வந்தது. (ஆறாவது சீசனின் கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

மார்கோவின் சனமான பெல்ட்காரர்களின், அதாவது செவ்வாய்க்கு அப்பாலுள்ள சிறுகோள் பட்டையிலும் அதைத் தாண்டியும் வாழ்பவர்களின், குறை பொய்யில்லை. தலைமுறை தலைமுறையாகப் பனியும் கனிமமும் வெட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கும் மூச்சுக்காற்றுக்கும் பூமிக்காரன், செவ்வாய்க்காரன் தயவில் கிடப்பவர்கள். அதை மார்கோ பேசினால், அதுவும் கெயோன் அலெக்சாண்டரின் அந்தச் சிரிப்போடு பேசினால், யாருக்கும் மனம் இளகும்.

அவன் பூமி மேல் விண்பாறைகளை ஏவியதை விடுங்கள். விடக்கூடாதுதான், ஆனால் எனக்கு உறைத்தது வேறு. தன் பழைய காதலி நவோமி எழுதிய நிரலை அவளுக்குத் தெரியாமலே ஒரு கப்பலைத் தகர்க்கப் பயன்படுத்தினான். அவள் பெற்ற பிள்ளை ஃபிலிப்பை அவளிடமிருந்து ஒளித்து வைத்தான். பெல்ட்காரர்கள் வாழும் செரஸ் என்ற குறுங்கோளை விட்டுக் கிளம்பும்போது அங்கிருந்த உணவையும் வழித்துக்கொண்டு போனான். பட்டினியில் விட்டது சொந்த சனத்தை. கேட்டால் வியூகமாம்.

அப்பன் ஒரு வார்த்தை பாராட்டமாட்டானா என்று ஃபிலிப் ஏங்கி நிற்பானே, அந்த முகம் எனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் எங்களுக்கும் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். சாம்பாரில் புழு கிடந்தது உண்மை, போராட்டம் நியாயம். தோளில் கை போட்டு, "தம்பி, நீதான்டா சரியான ஆளு" என்றார். அலுவலகக் கண்ணாடியை உடைத்தது நான். மூன்றாம் நாள் அண்ணன் தனியாக உள்ளே போய்ப் பேசி, தன் ஹால் டிக்கெட்டோடு வெளியே வந்தார். எங்கள் பதினோரு பேருக்கு இரண்டு வார சஸ்பென்ஷன். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட அம்மா ராத்திரி பஸ் பிடித்து வந்தார்.

உடனே "போராட்டத்தையே கொச்சைப்படுத்துகிறாயா?" என்று கிளம்பாதீர்கள். புழு இருந்தது என்று நானே சொல்லிவிட்டேன். ஃபிலிப் கடைசியில் அம்மாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கிப் போகும் காட்சியை மூன்று முறை திரும்பப் பார்த்தேன். அந்த ஆறாவது சீசனை ஆறே எபிசோடில் முடித்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மெஸ் டெபாசிட் 1,500 ரூபாயும் இன்றுவரை திரும்பி வரவில்லை. கண்ணாடிக்குப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தக் கண்ணாடி என்ன விலை என்று எனக்குத் தெரியாதா?