ஆல்ப் துவேஸ் ஏற 28 பல் போதுமா?

கேள்வி: நெதர்லாந்தில் வசிக்கிறேன். வயது 43, எடை 74 கிலோ. வார இறுதிகளில் தனியாக மூன்று மணி நேரம், மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுவேன். மலையில் ஓட்டியதே இல்லை. வரும் ஜூலையில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் பூர்க் துவாஸான் என்ற ஊரில் தங்கி, ஒரு நாள் ஆல்ப் துவேஸ், மறுநாள் கலிபியே கணவாய் ஏறத் திட்டம். என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 36 பல், பின்னால் பெரியது 28 பல், ரிம் பிரேக் (சக்கர விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் வகை). நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டி வருமா? எடை குறைந்த கார்பன் சக்கரங்கள் வாங்கட்டுமா?

பதில்: ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், இறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமவெளிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். முதல்முறை போனபோது நானும் அப்படித்தான். ஏற்றம் வெறும் கணக்கு என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஆல்ப் துவேஸ் ஏற்றத்தின் நீளம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8.1 சதவீதம். நீங்கள், சைக்கிள், உடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஏற உங்கள் கால்கள் ஏறத்தாழ 190 வாட் கொடுக்க வேண்டும். சமவெளியில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு நீங்கள் இப்போது மூன்று மணி நேரம் கொடுப்பது சுமார் 160 வாட். ஆக, ஒன்றரை மணி நேரத்துக்கு 190 என்பது கஷ்டம்தான்; ஆனால் பயிற்சி எடுத்தால் முடியாததல்ல. கால் பலம் இல்லையே என்ற கவலையை விடுங்கள்.

சிக்கல் கியரில் இருக்கிறது. 36க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.7 மீட்டர் நகரும். 9 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 55 சுற்று. அதுவே குறைவு. முதல் இரண்டு கிலோமீட்டரில் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே 190 வாட்டில் அங்கே வேகம் 7.3 ஆகிவிடும், சுற்று 45க்கு இறங்கிவிடும். அதற்குமேல் அது மிதிப்பதல்ல, ஒவ்வொரு பெடலிலும் படியேறுவது. முழங்கால் முதலில் முறையிடும், பிறகு இடுப்பு. பின்னால் 34 பல் போட்டால் 9 கிலோமீட்டர் வேகத்தில் 67 சுற்று, செங்குத்தான இடத்தில் 55 சுற்று கிடைக்கும். எனவே 28 போதாது, 34க்கு மாற்றுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். கை குட்டையான டெரெய்லர் ஏற்காது. செயினும் நீளமானது வேண்டியிருக்கும்.

கார்பன் சக்கரம் வேண்டாம். ஒரு கிலோ குறைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் மிச்சமாவது ஒரு நிமிடம்தான். அதைவிட வலுவான காரணம் இறக்கத்தில் வரும்.

ஏறும்போது இரண்டு விஷயங்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். சமவெளியில் சிக்னல், திருப்பம், பின்காற்று என்று கால்களுக்குத் தெரியாமலே ஓய்வு கிடைத்துக்கொண்டிருக்கும். இங்கே மிதிப்பதை நிறுத்தினால் இரண்டு மூன்று நொடியில் சைக்கிளே நின்றுவிடும். அதனால் ஊரில் பயிற்சி செய்யும்போது எதிர்காற்று அடிக்கும் அணைக்கரைச் சாலையாகப் பார்த்து, இருபது நிமிடம் இடைவிடாமல், கனமான கியரில் மிதியுங்கள். உங்கள் நாட்டில் மலை இல்லை, காற்று நிறையவே இருக்கிறது. 1976 முதல் 1989 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இந்த ஏற்றத்தில் முடிந்த கட்டங்களில் எட்டு முறை வென்றவர்கள் நெதர்லாந்துக்காரர்களே. ஏழாம் எண் இட்ட வளைவில் இன்றும் டச்சு ரசிகர்கள் கூடுவது அதனால்தான்.

இன்னொன்று, தொடக்க வேகம். கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று இறங்குவரிசையில் எண் இட்டிருக்கிறார்கள். 21ஆம் வளைவின் பலகையில் 1952இல் இங்கே முதன்முதலாக வென்ற இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் பெயர் இருக்கும். அதைப் பார்த்த உற்சாகத்தில்தான் பலரும் மூச்சு வாங்கிப்போகிறார்கள், ஏனென்றால் மிகச் செங்குத்தான பகுதி அங்கேதான். 16ஆம் வளைவில் லா கார்த் தேவாலயம் வரும்வரை, இவ்வளவு மெதுவாகவா என்று உங்களுக்கே வெட்கமாக இருக்கட்டும். வளைவுகள் ஓரளவு சமமாக இருக்கும், அங்கே மூச்சை மீட்டுக்கொள்ளலாம். ஒன்றாம் வளைவோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஊருக்குள்ளும் சாலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று விட்டால் கைகால் வெலவெலத்துவிடும்.

இனி இறக்கம். 85 கிலோ எடை 1,100 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பாதிக்கு மேல் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்துபோய் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஏறத்தாழ முழுவதும் உங்கள் ரிம்முக்குத்தான் போகும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் இங்கே ஆபத்து.

என் முதல் இறக்கத்தில் லா கார்த் தேவாலயம் வரை பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ரப்பர் கருகும் வாடை வந்ததும் நிறுத்தி, பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரை முன் ரிம்மில் விட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுர்ரென்றது. இன்னும் ஐந்து வளைவுகள் பாக்கி. அரை மணி நேரம் தேவாலயச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அலுமினிய ரிம் என்பதால் தப்பித்தேன். இந்தச் சூட்டில் கார்பன் ரிம் இளகலாம், டியூப் வெடிக்கலாம்; கார்பன் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

சரியான முறை இதுதான்: நேர்ச் சாலையில் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முன் பிரேக்கில் சற்று அதிகமாக. சாய்ந்து திரும்பும்போது விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும். சூடு ஏறுவதாகச் சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள். புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள்.

கலிபியேவில் சூடு போய்க் குளிர் வரும். பூர்க் துவாஸான் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் 2,642 மீட்டர். கீழே 28 டிகிரி என்றால் மேலே 16 டிகிரிதான். வியர்வையில் நனைந்த உடையோடு எதிர்காற்றில் இறங்கும்போது அது இன்னும் குளிராகத்தான் உறைக்கும். விறைத்த விரல்களால் பிரேக்கை அழுத்த முடியாது. 1998 டூரில் மழையும் குளிருமாக இருந்த ஒரு நாளில், கலிபியேவில் தாக்கி முன்னேறிய மார்கோ பந்தானி உச்சியில் நின்று ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். அன்று அவரே வென்றார். பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் உடையில் இருந்த யான் உல்ரிக் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களை இழந்தார். ஜாக்கெட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நொடிகளுக்குச் சண்டை போடுகிறவரே நின்று போட்டுக்கொண்டார் என்றால் நமக்கு என்ன அவசரம்?

காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். கலிபியேவுக்கு முன் வரும் லோத்தரே கணவாய் வரை ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தூரம் பள்ளத்தாக்குச் சாலை. வழியில் சுரங்கப்பாதைகள் உண்டு, முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசத் தொடங்கும், திரும்பும்போது இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கும். இடி மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான். லோத்தரேயிலிருந்து கலிபியே உச்சி 8.5 கிலோமீட்டர், சராசரி 7 சதவீதத்தை ஒட்டிய சரிவு. காற்று மெலிந்திருப்பதால் முந்தைய நாளைவிட இருபது வாட் குறைத்தே மிதியுங்கள்.

முழுவிரல் கையுறையும் மடித்த ஜாக்கெட்டும் முதுகுப் பையிலேயே இருக்கட்டும். ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு ஒரு பழைய செய்தித்தாளை வைத்துக்கொள்வது பந்தயக்காரர்களின் பழைய வழக்கம், நானும் அதைத்தான் செய்கிறேன். உச்சியில் பெயர்ப்பலகையோடு படம் எடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் போட்டுவிடுங்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் நடுக்கம் தொடங்கிவிடும்.